தர்சினியின் மாவிலங்கைக் கதியால்

பிரியதர்சினியை ஓர் இடத்தில் இருக்கவைக்க அவளைப் பெற்றவளாலும் முடியவில்லை, கட்டியவனாலும் முடியவில்லை. வேலணையில் பஸ் வரும்வரை நிற்கப் பொறுமையில்லாமல் அடுத்த தரிப்பிடத்துக்கு நடக்கத் தொடங்கிவிடுவாள். இரண்டு தரிப்பிடங்களுக்கும் நடுவில் அவள் விறுவிறென்று போய்க்கொண்டிருக்கும்போது பஸ் வந்து சேரும். அந்தப் பஸ்ஸின் கண்டக்டர் அவளுடைய புருஷன் சயந்தன். "நிப்பாட்டுங்கோ அண்ணை, என்ர ஆள் நடக்குது" என்று அவன் சாரதியிடம் சொல்ல, உள்ளே இருக்கிற சனம் சிரிக்கும். அவளுக்கு வெட்கமெல்லாம் கிடையாது. ஏறினாலும் சீற்றில் இராமல் வாசற்படியோடுதான் நிற்பாள்.

சோறு வேகும்போது மூடியைத் திறந்து திறந்து பார்ப்பாள். தோசைமாவைப் புளிக்க வைத்தாலும் அதே கதைதான். கரண்டியை விட்டுக் கிண்டிப் பார்க்காவிட்டால் அவளுக்குத் தூக்கம் வராது. ஊரிலுள்ள சித்த மருந்தகத்தில் மருந்து கலந்து கொடுக்கிற வேலை அவளுக்கு. இடிக்கிறது, அரிக்கிறது, காய்ச்சுகிறது, வந்த சனத்துக்கு அள்ளிக் கொடுக்கிறது என்று ஓயாமல் கை ஓடுகிற வேலை. அவளுக்கென்றே செய்துவைத்த மாதிரி அமைந்துவிட்டது.

இந்த அந்தரத்துக்குக் காரணம் இல்லாமல் இல்லை. எட்டு வயதில், ஷெல்லுக்குப் பயந்து தீவுச் சனம் கடலைக் கடந்து ஓடிய காலத்தில், அவள் ஓர் அட்டைப்பெட்டிக்குள் கோழிக்குஞ்சுகள் வளர்த்துக்கொண்டிருந்தாள். "அதை அப்பிடியே விட்டிட்டு வா பிள்ளை, நாளைக்கு வந்து பாப்பம்" என்று தாய் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனாள். அந்த நாளை வர எத்தனையோ வருஷம் ஆயிற்று. திரும்பி வந்தபோது பெட்டியும் இல்லை, குஞ்சும் இல்லை, வீட்டுக்குக் கூரையும் இல்லை. இடையில் சாவகச்சேரி, கிளிநொச்சி, முகாம் என்று போன இடமெல்லாம் எதையாவது விட்டுவிட்டுத்தான் கிளம்ப வேண்டியிருந்தது. கண்ணுக்கு முன்னால் வைத்துப் பார்க்காத எதுவும் மிஞ்சாது என்று அவள் உடம்புக்கே தெரிந்துபோயிற்று. பிறகு எப்படிச் சும்மா இருப்பாள்?

இப்படிப்பட்ட ஒருத்தியின் கையில்தான் ஒரு மரத்தின் தலைவிதி வந்து சேர்ந்தது.

சரவணைப் பக்கம், ஆளில்லாத வளவு ஒன்றின் கேணியடியில் ஒரு மாவிலங்கை நின்றது. வில்வம் மாதிரி மூன்று மூன்றாக இலை, கோடை தொடங்கும்போது வெள்ளையும் மஞ்சளுமாகப் பூ. கல்லடைப்புக்குக் கொடுக்கிற கஷாயத்தில் அதன் பட்டை சேரும். தீவுக் கிணற்றுத் தண்ணீரின் உவர்ப்புக்குக் கல்லடைப்புக்காரர் குறைவா என்ன? முன்பு கேணிக்குக் கேணி நின்ற மரம் என்று சொல்வார்கள். இப்போது தீவுக்குள் அறியக்கூடியதாக அது ஒன்றுதான். தனியே நின்றதால் பூத்த பூவெல்லாம் கொட்டுமே தவிர, காய் பிடிப்பதில்லை. விதைக்கு வழியே இல்லை.

தர்சினி மருந்தகத்துக்குப் பட்டை எடுக்கப் போனால் உள்ளங்கையளவு செதுக்குவாள், காயத்தில் சாணி பூசுவாள், அடுத்தமுறை வேறு பக்கம் பார்ப்பாள். அந்த மரத்தோடு மட்டும் அவளுக்கு அப்படியொரு பக்குவம் இருந்தது. ஆனால் யாரோ ஒரு புண்ணியவான் அந்தப் பட்டையைப் பற்றி வீடியோ எடுத்துப் போட, அது கைத்தொலைபேசிக்குக் கைத்தொலைபேசி பரவ, கத்தியோடு வந்த சனத்துக்கு அளவே இல்லாமல் போய்விட்டது. பங்குனியில் ஒருநாள் அவள் போய்ப் பார்த்தபோது, இடுப்பளவு உயரத்தில் மரத்தைச் சுற்றிவரப் பட்டை உரித்திருந்தார்கள். வெள்ளை வெளேரென்று கட்டை தெரிந்தது. கேட்க ஆளில்லாத அந்த வளவில் நின்று, உரித்தவனை, அவனுடைய பரம்பரையை, அவனுக்கு வந்த கல்லை எல்லாம் சேர்த்து ஏசினாள்.

மருந்தகத்து வைத்தியர் விமலாம்பிகை நிதானமான மனுஷி. விஷயத்தைக் கேட்டுவிட்டுக் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார்.

"சுத்திவர உரிச்சா மரம் தப்பாது தர்சினி. வேருக்குச் சாப்பாடு போகாது. கொஞ்ச மாதம் இழுத்துக்கொண்டு நிக்கும், அவ்வளவுதான்."

"அப்ப என்ன செய்யிறது டொக்டர்?"

"கொப்பு வெட்டிப் பதிவைச்சுப் பாருங்கோ. இப்பவே தொடங்கினால்தான் உண்டு. ஆனா ஒண்டு, வைச்ச பிறகு அதில கை வைக்கக்கூடாது. இலை வந்தாலும் தொடக்கூடாது, வராட்டிலும் தொடக்கூடாது."

"தொடமாட்டன் டொக்டர்" என்றாள் தர்சினி. சொன்னபோது அவள் அதை உண்மையாகத்தான் சொன்னாள்.

எப்போதோ போன விவசாயப் பயிற்சியொன்றில் சொல்லித் தந்தபடியே எல்லாம் செய்தாள். பென்சில் பருமனில் கொப்புகளைச் சரிவாக வெட்டினாள், அடியில் வேர்ப் பவுடர் தொட்டாள், மணலும் தும்புத்தூளும் கலந்த பைகளில் குத்தினாள், மேலே பொலித்தீன் கூடாரம் போட்டாள். கிணற்றுத் தண்ணீர் உவர் என்று, பவுசர் வண்டி வந்தபோது வாங்கிவைத்த குடிதண்ணீரைத் தெளித்தாள். "எங்களுக்குத் தேத்தண்ணி வைக்க மிச்சம் விடுமப்பா" என்று சயந்தன் கெஞ்சினான். ஒருகிழமை கழிவதற்குள் அவள் விரல்கள் துடிக்கத் தொடங்கின. வேர் வந்திருக்குமா? உள்ளே அழுகிக் கிடக்குமோ? ஒன்றே ஒன்றை மட்டும் இழுத்துப் பார்த்தால் என்ன? இழுத்தாள். வேர் இல்லை. திரும்பக் குத்திவிட்டு, மறுநாள் பக்கத்துப் பையில் இருந்ததை இழுத்தாள்.

சித்திரை முடிய, கொப்புகளின் கணுக்களில் பச்சை முளை வெடித்தது. தர்சினி தலைகால் தெரியாமல் ஆடினாள். அம்மன் கோயிலில் சர்க்கரைப் பொங்கல் வைத்தாள், மருந்தகத்துக்கு வந்த நோயாளிகளுக்கெல்லாம் மருந்தோடு சேர்த்துச் செய்தியையும் கொடுத்தாள். பொங்கல் ருசி நாக்கில் இருக்கும்போதே இலைகள் சோர்ந்து தொங்கிவிட்டன. இழுத்துப் பார்த்தால் ஒன்றிலும் வேர் இல்லை.

"தண்டுக்குள்ள மிச்சம் இருந்த சத்தில விட்ட இலை அது" என்றார் விமலாம்பிகை. "வேர் விடுகிற நேரத்தில நீங்கள் இழுத்து இழுத்துப் பாத்திருக்கிறீங்கள். நூல் மாதிரி வாற வேர், இழுத்தா அறாதோ?"

தர்சினி வீட்டுக்கு வந்து பைகளைக் காலால் உதைத்தாள். பிறகு அவளே குந்தியிருந்து மணலைக் கூட்டி அள்ளினாள். அடுத்த தொகுதியை வைகாசியில் வைத்தாள். இந்தமுறை இழுப்பதில்லை என்று சத்தியம் செய்துகொண்டாள், இழுக்கவுமில்லை. அதற்குப் பதிலாகப் பைகளை வெயிலுக்கு மாற்றினாள், நிழலுக்கு மாற்றினாள், சோளகக் காற்று அடிக்கிறது என்று குசினிக்குள் கொண்டுபோய் வைத்தாள், அங்கே புகை என்று திரும்ப வெளியே கொண்டுவந்தாள். கொப்புகள் ஒவ்வொன்றாகக் கறுத்துக் காய்ந்தன. அங்கே கேணியடியில் மரமும் நுனியிலிருந்து மஞ்சளாகிக்கொண்டு வந்தது.

ஆவணியில் பெரிய காற்றொன்று அடித்து, உரித்த இடத்தோடு மரம் முறிந்து விழுந்தது. தர்சினி ஓடிப் போனபோது சனம் ஏற்கெனவே விறகுக்கு வெட்டிக்கொண்டிருந்தது. மிஞ்சிக் கிடந்த சின்னக் கொப்புகளைப் பொறுக்கி ஈரச் சாக்கில் சுற்றிக்கொண்டு அழுதுகொண்டே வந்தாள். இவை பிடிக்காவிட்டால் இனி வெட்டுவதற்கு மரமே இல்லை.

அன்று மாலை சயந்தன் பஸ்ஸின் கூரையிலிருந்து கைப் பருமனில் தடிகள் கொஞ்சம் இறக்கினான். அதே மாவிலங்கையின் தடிகள்.

"என்னத்துக்கு இது?"

"வேலிக்குக் கதியால். சறோ அக்கான்ர ஆடு அங்கால இருந்து பூந்து வாற வேலிப் பொட்டு இன்னும் அடைக்கேல்லை. சும்மா கிடந்தது, கொண்டந்தனான்."

"மருந்து மரத்தை வெட்டிக்கொண்டந்து ஆட்டுக்கு வேலி அடைக்கிறியளோ? உங்களுக்கு மனச்சாட்சி எண்டு ஒண்டு இருக்கோ?"

"செத்த மரம்தானே" என்றான் அவன்.

அந்த ஊரில் கதியால் போடத் தெரியாத ஆண்பிள்ளை கிடையாது. கிளுவையோ பூவரசோ, தடியை நிழலில் சில நாள் கிடத்திப் பால் வற்றவிட்டு, அலவாங்கால் ஆழக் கிண்டி இறக்கி, மண்ணை இடித்து இறுக்கி, கிடுகோடு சேர்த்துக் கட்டிவிட்டால் வேலை முடிந்தது. அதன் பிறகு அதை யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. தழைத்தால் ஆட்டுக்குக் குழை, பட்டுப்போனால் அடுத்த வருஷம் வேறு தடி. சயந்தனும் அப்படித்தான் குத்திவிட்டுக் கைகழுவிக்கொண்டு சாப்பிட வந்தான். தர்சினி அவனோடு கொஞ்ச நாள் முகம் கொடுத்துப் பேசவில்லை. அவளுடைய கவனமெல்லாம் கடைசிப் பைகளில் இருந்தது.

ஐப்பசி மழைக்குள் அந்தக் கடைசிப் பைகளும் செத்தன. அவள் அழவில்லை, யாரையும் ஏசவுமில்லை. மருந்தகத்தில் இருந்த கல்லடைப்புக் கஷாயப் போத்தலை அலுமாரியின் பின்தட்டில் கொண்டுபோய் வைத்துவிட்டாள். வீட்டுக்கு வந்து பகலிலேயே படுத்தாள். சயந்தனுக்குப் பயம் பிடித்துவிட்டது. அவள் படுத்துக் கிடந்து அவன் பார்த்ததேயில்லை.

கார்த்திகை விளக்கீட்டன்று, வேலியோரம் தீபம் வைக்கப் போனவள் நின்ற இடத்திலேயே நின்றாள். கிளுவைக் கதியால்களுக்கு நடுவே ஒரு தடியில் மூன்று மூன்றாக இலை விட்டிருந்தது. பக்கத்தில் குத்திய மற்ற மாவிலங்கைத் தடிகள் எல்லாம் உளுத்துப் போயிருந்தன. இது மட்டும் முழங்கை நீளத்துக்குப் புதுக்கிளை விட்டு, அந்தக் கிளையிலும் இலை நிறைந்து நின்றது. தர்சினியின் கை தானாகவே தடியைப் பற்றியது. அசைத்துப் பார்க்கலாமா? வேர் இருக்கிறதா என்று ஒரேயொருமுறை?

"இஞ்சரும்" என்றான் பின்னால் வந்த சயந்தன். "கையை எடும்."

எடுத்தாள். எடுத்த கையை என்ன செய்வதென்று தெரியாமல் சேலைத் தலைப்பில் சுற்றிக்கொண்டாள்.

அன்றிலிருந்து அவளுக்கு நிலைகொள்ளவில்லை. காலை, மாலை, வேலைக்குப் போகுமுன், வந்தபின் என்று வேலியடிதான் தஞ்சம். வெளிச்சம் படவேண்டும் என்று பக்கத்துக் கிளுவைகளை வெட்டினாள். தண்ணீர் நிற்கவேண்டும் என்று அடியில் சுற்றிவரப் பாத்தி கட்டினாள். பாத்தி வேலிக்கு அங்காலும் கொஞ்சம் போய்விட்டது. அங்கேதான் வினை பிறந்தது.

அங்கால் காணி சறோஜினிதேவியுடையது. அறுபது தாண்டிய மனுஷி. புருஷன் இல்லை, பிள்ளைகள் கனடாவில். நல்லது கெட்டதுக்கு வந்து நிற்பவர்தான். ஆனால் எல்லை என்று வந்துவிட்டால் அந்தச் சறோ அக்கா வேறு ஆள். அந்த வேலியடியில் ஒரு சாண் நிலம் யாருக்கு என்று அவருடைய புருஷனும் சயந்தனின் தகப்பனும் வருஷக்கணக்காகக் கோடேறி வழக்காடினவர்கள். இரண்டு பேரும் போய்ச்சேர்ந்தபிறகும் வழக்கு மட்டும் மனங்களில் நடந்துகொண்டிருந்தது.

"என்ன தர்சினி, எல்லையில மரம் வளர்க்கிறீரோ?" என்றார் சறோ அக்கா. "கதியாலெண்டால் கதியால். மரம் பெருத்தால் எல்லை எங்க போகுமெண்டு எனக்குத் தெரியாதே? மாமனார் விட்ட இடத்தில நீர் தொடங்கிறீர் போல."

"அப்பிடியில்லை அக்கா. இது மருந்து மரம். இனி இந்தத் தீவில இது ஒண்டுதான் கிடக்கு."

"மருந்தோ விருந்தோ, தைப்பொங்கல் முடிய மேசன்மார் வருகினம். மகன் மதிலுக்குக் காசு அனுப்பியிருக்கிறான். வேலியைப் புடுங்கி, அதே நேருக்கு அத்திவாரம் வெட்டப்போறம். உம்மட மரத்தை அதுக்குள்ள எடுத்திடும்."

எடுக்கிறதா? தர்சினி விமலாம்பிகையிடம் ஓடினாள். "இப்பதான் வேர் பிடிச்சிருக்கு. கிண்டினால் செத்திடும். இன்னும் இரண்டு மழையாவது அதே இடத்தில நிக்கவேணும்" என்றார் அவர். அதிலிருந்து ஒரு கொப்பை வெட்டிப் பதிவைக்கலாமே என்று கேட்டதற்கு, வைத்தியர் அவளை ஏற இறங்கப் பார்த்தார். அந்தப் பார்வையின் கருத்து தர்சினிக்கு நன்றாக விளங்கியது.

திரும்பவும் சறோ அக்காவிடம் போனாள். மதிலை அந்த இடத்தில் மட்டும் கொஞ்சம் வளைக்கச் சொல்லிக் கெஞ்சினாள். "என்ர பக்கம் ஒரு விரலும் வளைக்கேலாது" என்று அவர் முகத்தில் அடித்தமாதிரிச் சொல்லிவிட்டார். அப்படியானால் மதில் தர்சினியின் பக்கம் தள்ளிப் போகவேண்டும். மரம் மதிலுக்கு அங்கால் போய்விடும். மரத்தோடு சேர்ந்து நிலமும் போய்விடும். கோடேறிய அந்தச் சாண் மட்டுமா? அத்திவாரத்துக்கும் வேருக்கும் இடம் விடுவதென்றால் அதைவிட இன்னும் இரண்டு மடங்கு.

சயந்தனிடம் சொன்னபோது அவன் பிசைந்த சோற்றுக் கையோடு நிமிர்ந்தான்.

"அப்பர் சாகேக்கையும் கேட்டது இந்தச் சாண் நிலத்தைத்தான். தெரியுமோ உமக்கு?"

"தெரியும்."

"அதை ஒரு தடிக்காகக் குடுக்கச் சொல்லுறீர்."

"ஓம்."

"குடுத்தாலும் மரம் அவவுக்குத்தானே? உமக்கு என்ன மிஞ்சும்?"

"எனக்குத் தெரியாதப்பா" என்றாள். "ஆனா இதுவும் செத்தால் எனக்கு ஏலாது." சயந்தன் சாப்பிடாமல் எழுந்து கையைக் கழுவினான்.

பொங்கல் கழிந்து மேசன்மார் வந்தார்கள். வேலிக் கிடுகை அவிழ்த்து, இரண்டு பக்கமும் முளையடித்து நூல் பிடித்தார்கள். நூல் சரியாக மாவிலங்கையின் நடுமேலால் போனது. சறோ அக்கா கதிரை போட்டு அமர்ந்து கண்ணிமைக்காமல் பார்த்துக்கொண்டிருந்தார். தர்சினி வந்தாள். ஒருவரையும் கேட்காமல் முளையைப் பிடுங்கினாள், தன்னுடைய வளவுக்குள்ளே நடந்துவந்து குத்தினாள். முளை சரிந்து நின்றது. சயந்தன் வந்து, அதை நிமிர்த்தி, கல்லால் அடித்து இறக்கினான்.

சறோ அக்கா கதிரையை விட்டு எழும்பிவிட்டார்.

"நீர் என்ன விளையாடுறீரோ? பிறகு நிலத்தைத் திருப்பித் தாவெண்டு எழுத்தில கேட்டுக்கொண்டு வாறதுக்கோ?"

"ஒண்டும் கேக்கமாட்டம் அக்கா. நிலம் உங்களுக்கு. அந்த மரத்தை மட்டும் தொடாதேங்கோ."

"நான் ஏன் தொடுறன்? எனக்கு வேற வேலை இல்லையோ?" என்றார் சறோ அக்கா. ஆனால் அவருடைய சத்தம் இறங்கிப்போயிருந்தது. இவ்வளவு காலமும் இழுத்து இழுத்து வராத நிலம், இழுக்காமலே வந்துவிட்டதை என்ன செய்வதென்று அவருக்கே தெரியவில்லை போலும்.

மதில் எழும்பியது. ஆளுயரத்துக்கு மேல், ஒரு பொட்டுக்கூட இல்லாமல் எழும்பியது. இப்போது தர்சினிக்கு மரம் கண்ணிலும் தெரியாது. முதற்கிழமை அவள் பட்ட பாட்டைச் சொல்லி முடியாது. மதிலில் காதை வைத்துப் பார்த்தாள். கதிரைக்கு மேல் முக்காலி வைத்து ஏறப்போய் விழுந்து முழங்காலை உரசிக்கொண்டாள். கடைசியில் வெட்கத்தை விட்டு, "சறோ அக்கா, மரத்தில இலை கிடக்கோ?" என்று மதிலுக்கு மேலால் சத்தம்போட்டுக் கேட்டாள். "கிடக்கு, கிடக்கு" என்று பதில் வந்தது. அவர் எழுந்து போய்ப் பார்த்துத்தான் சொல்கிறாரா, இருந்த இடத்தில் இருந்து சொல்கிறாரா என்று தர்சினி துடித்தாள்.

மாசி முடியும்போது ஒருநாள் கேட்காமலே சத்தம் வந்தது.

"தர்சினி, உம்மட மரத்தின்ர கதை முடிஞ்சுது. இலையெல்லாம் கொட்டிட்டுது. தடி மட்டும் நிக்குது. புடுங்கிப்போட்டு வாழை வைக்கட்டோ?"

தர்சினிக்கு உடனே ஓடிப் போகவேண்டும், தண்ணீர் ஊற்றவேண்டும், அடியைக் கிளறவேண்டும், நகத்தால் கீறிப் பட்டை பச்சையா என்று பார்க்கவேண்டும். வாசற் படலை வரைக்கும் ஓடியும் விட்டாள். படலையைப் பிடித்துக்கொண்டு நின்றபோதுதான் ஞாபகம் வந்தது. கேணியடி மரமும் கோடை பிறக்குமுன் ஒருமுறை மொட்டையாகி நிற்கும். இதுவும் அதன் பிள்ளைதானே? இருக்கலாம். செத்தும் இருக்கலாம். போய்க் கிளறினால் தெரிந்துவிடும். கிளறினால் நிச்சயம் செத்தும்விடும்.

"சித்திரை மட்டும் விடுங்கோ அக்கா" என்று அங்கிருந்தே கத்தினாள். "உங்களைக் கும்பிட்டுக் கேக்கிறன். ஒண்டும் செய்யாதேங்கோ. தண்ணியும் விடாதேங்கோ."

அங்காலிருந்து பதில் இல்லை. விட்டாரா, பிடுங்கினாரா என்று தெரியாமலே பங்குனி முழுவதும் போனது. அவள் கேட்கவுமில்லை. கேட்டால் பதில் வந்துவிடும் என்று பயந்தாள். மருந்தகத்தில் இடிக்க வேண்டியதை மூன்றுமுறை இடித்தாள்.

வருஷப்பிறப்புக்கு மறுநாள் சறோ அக்கா படலையடிக்கே வந்துவிட்டார். மதில் கட்டியபின் அவர் அந்தப் பக்கம் வந்தது அதுதான் முதற்தடவை. கையில் ஒரு தட்டில் பலகாரம் இருந்தது.

"அது தளிர்த்திட்டுது" என்றார். "உச்சியில இருந்து அடிவரைக்கும். தடி என்ர கைக்குள்ள அடங்காது இப்ப. நான் தொடேல்லை. சும்மா அளவு சொல்லுறன்." பிறகு கொஞ்சம் தயங்கினார். "நான் ஒவ்வொரு நாளும் போய்ப் பாத்தனான். பிள்ளை, நீர் வந்து பாருமன். உம்மட மரம்தானே."

தர்சினி இரண்டடி எடுத்துவைத்தாள். நின்றாள். அவள் முகம் கோணியது, கண்ணால் தண்ணீர் ஓடியது.

"வேண்டாம் அக்கா" என்றாள். "நான் வந்தால் கை வைச்சிடுவன். நீங்களே பாருங்கோ."

சறோ அக்கா தட்டோடு நின்றார். தர்சினி படலையை உள்ளே இருந்து கொளுவிக்கொண்டாள்.